குப்பைத்தொட்டியும் நானும் ஒரே குரூப்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கண் எதற்கு இருக்கிறதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒருத்தன் என் கடைக்கு எதிரிலேயே நின்றுகொண்டு, கையில் இருக்கும் போனைப் பார்த்து, "இங்க ஒரு பெட்டிக்கடை இருக்கணுமே" என்று முனகுகிறான். "நான்தான்யா அது" என்றால் நிமிர்ந்து பார்ப்பதில்லை. போன் ஒத்துக்கொண்ட பிறகுதான் தீப்பெட்டி வாங்குகிறான். படத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நேரில் இருப்பதையெல்லாம் ஒரு சாட்சியாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

வாங்குகிறவன் எப்படிப் பார்த்தால் எனக்கென்ன என்று பேசாமல்தான் இருந்தேன். ஆனால் நகராட்சியும் அப்படிப் பார்க்க ஆரம்பித்தால் மனுஷன் எங்கே போவான்?

என் கடை பெரிய சமாச்சாரம் இல்லை. ஒரு மரப்பெட்டி, மேலே தகரம், உள்ளே ஒரு முக்காலி. சோப்பு, தீப்பெட்டி, பிஸ்கட், பேனா. வீட்டு வாசற்படியை ஒட்டினாற்போல் இருக்கிறது. அங்கே இருப்பதற்கு ஒரே ஒரு காரணம், என் வீட்டுக்காரியின் முழங்கால். இரண்டும் போய்விட்டது. படியிலிருந்து முக்காலிக்கு ஒரே எட்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு, என்னை நாலு திட்டுத் திட்டிக்கொண்டு, அந்த ஒரு எட்டை வைத்துவிட்டாளென்றால் மதியம்வரை அவள் ராஜ்யம். சோப்பு விற்கிறாளோ இல்லையோ, யார் வீட்டில் யார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதெல்லாம் வந்து சேர்ந்துவிடும். அவளுக்கு மிஞ்சியிருக்கும் வெளியூர்ப் பயணம் அந்த ஒரு எட்டுதான்.

நகராட்சியிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வருவார். எந்நேரமும் கையில் சிலேட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டர். தெருவில் எல்லோரும் அவரைப் பலகைக்காரர் என்போம். ஒருநாள் காலை அவர் என் கடையில் கையை ஊன்றிக்கொண்டு பலகையைப் பார்த்தபடி சொன்னார்:

"பெரியவரே, உங்க கடை இங்க இல்லை."

"அப்ப எது மேல கையை ஊனிக்கிட்டு நிக்கிறீங்க?"

அவர் கையை எடுத்தார். கையைப் பார்த்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு பலகையை என் பக்கம் திருப்பினார்.

அதில் எங்கள் தெரு ஓடிக்கொண்டிருந்தது. 'எழில் வீதி' என்று பெயர். மேகம் நகர்கிறது. மரம் ஆடுகிறது. ஒரு பெண் காலை அசைக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறாள். என் வீட்டு வாசலில் ஒரு பூந்தொட்டி. கடை எங்கே என்று தேடினால், தெருக்கோடியில், சாக்கடை ஓரம், நகராட்சிக் குப்பைத்தொட்டியோடு தோளோடு தோள் ஒட்டி நிற்கிறது.

"இது யார் செஞ்ச வேலை?"

"அனிமேஷன் பயிற்சி நிலையத்துல போன வருஷத்து ஆரம்ப வகுப்புப் பசங்க செஞ்சாங்க. நகராட்சி மன்றத்துல பாஸ் ஆயிடுச்சு. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அதுக்குள்ள தெரு படம் மாதிரி ஆகணும்."

"தெருவைப் பார்த்துத்தானே படம் போடணும்?"

"போட்டாச்சே. இனிமே படத்தைப் பார்த்துத்தான் தெரு."

"தப்பாப் போட்டிருக்காங்கய்யா. என் வீட்டுக்காரி அங்க வரைக்கும் நடக்க மாட்டா."

"தப்புன்னா படத்தை மாத்திட்டு வாங்க. படம் மாறினா நானும் மாறிடுவேன். எனக்கென்ன, உங்க மேல விரோதமா?"

உள்ளே போய் வீட்டுக்காரியிடம் சொன்னேன். "குப்பைத்தொட்டி என்ன பாவம் பண்ணுச்சு, உங்களோட சேக்கறதுக்கு?" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் சுவரைப் பிடித்திருந்த கையை அவள் எடுக்கவில்லை.

பயிற்சி நிலையம் கடைத்தெரு மாடியில் இருந்தது. வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: 'கீழ் லேயரில் உள்ளவர்கள் மேல் லேயரைத் தொடக் கூடாது.' உள்ளே வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றுக்கும் பூப்போட்ட உறை. உறை போடாத ஒன்றின் முன்னால் ஒரு டீச்சர் உட்கார்ந்திருந்தார். நல்ல மாதிரி. ஆனால் பேசும்போதெல்லாம் பிரின்சிபால் அறைக் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார், பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தவர் மாதிரி.

"லேயர்னா ஒண்ணுமில்ல ஐயா. கண்ணாடித் தாளை ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கின மாதிரி. ஒரு தாள்ல மரம், ஒரு தாள்ல வீடு, ஒரு தாள்ல உங்க கடை. மேல இருக்கறது கீழ இருக்கறதை மறைக்கும். குரூப்னா, ரெண்டு மூணு பொருளைச் சேத்துக் கட்டிடறது. ஒண்ணை இழுத்தா இன்னொண்ணும் கூடவே வரும்."

"அப்ப என் கடையையும் தொட்டியையும் கட்டிப் போட்டிருக்காங்க. கட்டை அவுத்து விடுங்கம்மா."

டீச்சர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "குரூப்பைக் கலைக்கறதுக்கு இங்க தடை இருக்குய்யா."

தடை வந்த கதையையும் அவரே சொன்னார். போன ஆண்டு விழாவுக்குப் பிரின்சிபால் நடந்து வருவது மாதிரி ஒரு அனிமேஷன் செய்திருக்கிறார்கள். யாரோ ஒரு மாணவன் முகத்தையும் மீசையையும் கட்டியிருந்த குரூப்பைக் கலைத்துவிட்டு, திரும்பக் கட்ட மறந்துவிட்டான். விழாவில் படம் ஓடியது. பிரின்சிபால் கம்பீரமாக மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனார். மீசை மட்டும் புறப்பட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. கைதட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு வந்த உத்தரவுதான்: சேர்ந்தது சேர்ந்ததுதான்.

பிரின்சிபாலைப் பார்த்தேன். மீசை முகத்தோடுதான் இருந்தது. அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பெரியவரே, அனிமேஷன் ஒரு தொழில்னு வெளிய நினைக்கிறாங்க. அது ஒழுக்கம். இந்த நிலையத்துல நான்தான் மேல் லேயர். எனக்குக் கீழ டீச்சர். அதுக்குக் கீழ மாணவர்கள். கீழ என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. தெரிஞ்சா நான் மேல இல்லைன்னு ஆயிடும். இந்த நாற்காலிக்கு வந்த நாள்ல இருந்து நான் மவுஸைத் தொட்டதில்லை. தொட்டா ஏதாவது நகர்ந்துடும். என்னையும் யாரும் நகர்த்தினதில்லை. அதுக்குப் பேர்தான் நிர்வாகம்."

"அதெல்லாம் சரி. என் கடையை ஏன் குப்பைத்தொட்டியோட சேத்தீங்க?"

"பொருத்தம் பார்த்துத்தான் சேத்திருக்காங்க. ரெண்டும் பெட்டி. ரெண்டும் சாம்பல் நிறம். ரெண்டுகிட்டயும் ஜனங்க வந்து கையை நீட்டறாங்க. சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியலாம். கலைக் கண்ணுக்குத் தெரியாது."

"எனக்கு இருக்கறது சாதாரணக் கண்ணுதான்."

"அதனாலதான் உங்களுக்குப் பயிற்சி தேவைப்படுது" என்றார், ரொம்ப இரக்கமாக. "வெளியாள் சொல்லி நாங்க ஒரு பொருளையும் நகர்த்த முடியாது. ஆரம்ப வகுப்புல சேருங்க. மாணவர்னா பொருளை நகர்த்தலாம். கலைக்கத்தான் கூடாது."

இந்த வயதில் நான் மாணவனாகச் சேர்ந்தேன். வீட்டுக்காரி கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "சிலேட்டு, பல்பம் எடுத்துக்கிட்டீங்களா? மூக்கு ஒழுகினா தொடைச்சுக்குங்க" என்று வழியனுப்பி வைத்தாள்.

வகுப்பில் என்னோடு ஒரு தையல்காரம்மாவும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவரும் இருந்தார்கள். தையல்காரம்மா பூ வேலைப்பாடு சொல்லித்தருவார்கள் என்று நினைத்துச் சேர்ந்தவர். இரண்டு மாதமாகக் காத்திருக்கிறாராம். கண்டக்டருக்கு வீட்டில் மருமகளோடு ஒத்துப்போகவில்லை. வேறு காரணம் எதுவும் அவர் சொல்லவில்லை.

கம்ப்யூட்டரைத் தொட விடவில்லை. தொடுவதற்கு முன் லேயர் என்றால் என்ன என்று உடம்பில் ஊற வேண்டுமாம். ஆகவே எங்களையே லேயராக நிறுத்தினார்கள். முன்னால் தையல்காரம்மா, அவருக்குப் பின்னால் கண்டக்டர், அவருக்குப் பின்னால் நான். வயதானவன் என்பதால் நான் பின்னணி. பின்னணிக்கு முகம் வேண்டியதில்லை என்று என்னைத் தூணுக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள்.

பிறகு பிரின்சிபால் வந்து வருகை எடுத்தார். முன்னால் நின்று பார்த்தார். "பெட்டிக்கடைக்காரர் வரலையா?"

"இங்கதான் இருக்கேன்" என்றேன் தூணுக்குப் பின்னாலிருந்து.

"குரல் வருது, ஆள் தெரியலையே. தெரியாத லேயருக்கு வருகை கிடையாது" என்று போய்விட்டார். வந்த அன்றே நான் வராதவன் ஆனேன்.

அடுத்தது குரூப் பாடம். மூன்று பேரும் ஒரு குரூப் என்று அறிவித்தார்கள். ஒருவர் நகர்ந்தால் மற்ற இருவரும் அதே திசையில் அதே தூரம் நகர வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கண்டக்டருக்குச் சர்க்கரை வியாதி. அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருப்பார். அவர் எழுந்தால் நாங்கள் எழ வேண்டும். மூன்று பேரும் வரிசையாகக் கழிவறை வாசல்வரை போவோம். "முன்னால போங்க, முன்னால போங்க, வழியில நிக்காதீங்க" என்று பழைய பழக்கத்தில் அவர் ஓட்டிக்கொண்டு வருவார். தையல்காரம்மா சுவரைப் பார்த்து நிற்பார். பிறகு மூன்று பேரும் திரும்புவோம். டீச்சர் எங்கள் முகத்தைப் பார்க்காமல், "நல்லா வருது" என்பார்.

"உங்களுக்கு வெக்கமா இல்லையா?" என்று தையல்காரம்மா ஒருநாள் வெடித்துவிட்டார்.

"இருபத்தஞ்சு பேர் உக்கார்ற பஸ்ல எம்பது பேரை ஏத்தினவன்மா நான். வெக்கத்தை அப்பவே இறக்கி விட்டுட்டேன்" என்றார் கண்டக்டர்.

வியாழக்கிழமை, விழாவுக்கு முந்தின நாள், ஒருவழியாக உறை போடாத கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். தெருப்படம் வந்தது. மவுஸைப் பிடித்தேன். எலி என்று பெயர் வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான், பிடித்த இடத்தில் நிற்பதில்லை. என் கடையை இழுத்தேன். தொட்டியும் வந்தது. தொட்டியைப் பிடித்து எதிர்ப்பக்கம் தள்ளினேன். கடையும் போயிற்று. சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டியைக்கூட இவ்வளவு கெட்டியாகச் சேர்த்து வைக்க முடியாது.

சரி, தொட்டியும் வரட்டும், நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், அவள் ஒரே எட்டில் உட்காரட்டும் என்று இரண்டையும் சேர்த்தே என் வாசலுக்கு இழுத்துவந்து வைத்தேன்.

"ஐயா, இப்ப வச்சது படம் ஆரம்பிக்கற இடம். இதே மாதிரி படம் முடியற இடத்துலயும் இழுத்து வைக்கணும். இல்லாட்டி ஆரம்பத்துல இங்கயும் முடிவுல சாக்கடைகிட்டயும் இருக்கும். நடுவுல உள்ளதைக் கம்ப்யூட்டரே..." என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் எழுந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் இருய்யா!" என்று கத்தினேன்.

"நிமிஷம் என் கையில இல்லீங்க" என்று அவர் நடந்தார். தையல்காரம்மா நடந்தார். டீச்சர் கதவைப் பார்த்தார், பிரின்சிபால் நின்றுகொண்டிருந்தார். நானும் நடந்தேன். நடக்காமல் இருந்திருந்தால் குரூப்பைக் கலைத்த குற்றத்துக்கு வெளியே அனுப்பியிருப்பார்கள்.

திரும்பி வந்தபோது உறை போட்டாயிற்று. பிரின்சிபால் டீச்சரை விட்டுப் படத்தை நகராட்சிக்கு அனுப்பிவிட்டார். "அருமை! ரெண்டையும் பிரிக்காம நகர்த்தியிருக்கீங்க. இதுதான் ஒழுக்கம்" என்று என் தோளைத் தட்டினார். படத்தை அவர் முழுக்கப் பார்த்தாரா என்று டீச்சரிடம் கேட்டேன். மேல் லேயர் படம் பார்ப்பதில்லையாம், அனுப்புவதோடு சரி.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பலகைக்காரர் இரண்டு வெல்டர்களோடு வந்தார். முகத்தில் பெருமை.

"பெரியவரே, படம் மாறிடுச்சு. நானும் மாறிட்டேன். கடை உங்க வாசல்ல இருந்து புறப்பட்டு, மெதுவா தெரு முழுக்கப் போயி, சாக்கடைகிட்ட நிக்குது. பிரமாதம்!"

"யோவ், அது புறப்படக் கூடாதுய்யா. நான் பாதியில எழுந்து போனதால வந்த வினை."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. படத்துல போகுது. போகணும்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். எனக்குப் பூதம் சக்கரத்தோடு புறப்பட்டது. கடைக்கு அடியில் நாலு சக்கரம் வைத்துப் பற்றவைத்தார்கள். குப்பைத்தொட்டிக்கு ஏற்கெனவே சக்கரம் உண்டு, அதைத் தெருக்கோடியிலிருந்து உருட்டிவந்து சங்கிலி போட்டு என் கடையோடு பூட்டினார்கள். முக்காலியில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரி இறங்க மறுத்துவிட்டாள்.

"அம்மா, படத்துல கடைக்குள்ள ஆள் இல்லை" என்றார் பலகைக்காரர்.

"வரைஞ்சவன் வந்து என்னைத் தூக்கட்டும். அதுவரைக்கும் நான் இங்கதான்."

அவள் கனத்தைப் பார்த்துவிட்டு வெல்டர்கள் இருவரும் கருவிகளைப் பெட்டியில் போட ஆரம்பித்தார்கள். பலகைக்காரர் பெருமூச்சு விட்டார். "சரி, குனிஞ்சு உக்காருங்க. பெரியவரே, நீங்கதான் தள்ளணும். ஆனா நீங்க தெரியக் கூடாது. படத்துல அது தானாப் போகுது."

சாயங்காலம் விழா. தெரு நடுவில் மேடை, அதில் பெரிய திரை. நகராட்சித் தலைவர் பொத்தானை அழுத்தினார். படம் ஓடியது, தெருவும் படத்தைப் பார்த்து ஓடியது. மரத்துக்குப் பின்னால் ஓர் ஆள் ஒளிந்து கயிற்றை இழுத்துக் கிளையை ஆட்டினான். தெருக் கூட்டும் பெண்மணி ஒருத்தியைச் சக்கரம் வைத்த பலகையில் நிற்கவைத்து, காலை அசைக்கக் கூடாது என்று எச்சரித்து, அந்தப் பக்கமாக உருட்டிவிட்டார்கள். அவள் இரண்டு கையையும் விரித்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். அன்றைக்கு வானத்தில் மேகமே இல்லை. பலகைக்காரர் அடிக்கடி அண்ணாந்து பார்த்தார். மேகத்துக்கு மட்டும் உத்தரவு அனுப்ப வழியில்லாமல் அவர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

நான் கடைக்குப் பின்னால், தொட்டிக்கும் பின்னால் குனிந்து தள்ளினேன். இடுப்பு கழன்றது. மூக்குக்கு நேரே நேற்றைய குப்பை. முன்னால் பிரின்சிபால் ஒலிபெருக்கியில் முழங்கினார்: "ஒரு பொருளை இடம் மாத்தறது பெரிசு இல்லை. அதைத் தன் இஷ்டத்துக்கு மாத்த விடாம பாத்துக்கறதுதான் கல்வி! பாருங்க, தானாகவே நகரும் கடை! இதுக்குப் பின்னால யாருமே இல்லை!"

ஜனங்கள் கை தட்டினார்கள். யாருமே இல்லாத நான் தள்ளிக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏங்க, தபால் பெட்டிக்குச் சிவப்பு அடிச்சிருக்காங்க போல. மூலை வீட்டுக்காரி கட்டின மாடி இதுதானா? அந்தப் பேச்சுப் பேசினா, ஜன்னலுக்குக் கதவைக் காணோம்?" குனிந்து உட்காரச் சொல்லியும் அவள் நன்றாக நிமிர்ந்து, பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தாள். தெருவின் இந்தப் பாதியை அவள் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று.

சாக்கடை ஓரத்தில் சுண்ணாம்பால் ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். கடை அதற்குள் போய் நின்றது. திரையிலும் நின்றது. 'முற்றும்' என்று எழுத்து வந்தது. தலைவர் எழுந்து கும்பிட்டார். எல்லாம் படத்தின்படியே முடிந்தது.

"நாத்தம் குடலைப் புடுங்குதுங்க. பாத்தாச்சு. வீட்டுக்குப் போலாம்" என்றாள் அவள்.

நான் நிமிர்ந்தேன். முதுகு சொடுக்கியது. கைதட்டல் அங்கங்கே நின்றது. தொட்டிப் பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு கடையின் மறுபக்கம் வந்தேன். தகரத்தைப் பிடித்தேன். வந்த வழியே தள்ள ஆரம்பித்தேன்.

பலகைக்காரர் ஓடிவந்தார். "பெரியவரே, நில்லுங்க! படத்துல திரும்பி வர்ற மாதிரி இல்லை!"

"அப்ப திரும்பி வர்ற மாதிரி ஒரு படம் எடுங்க."

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பிரின்சிபாலைப் பார்த்துவிட்டு, மெல்ல, "அது அடுத்த நிலைப் பாடம்" என்றார்.

"சக்கரம் யார் போட்டது? நாங்களா கேட்டோம்?" என்றாள் வீட்டுக்காரி, கடைக்குள்ளிருந்து. பலகைக்காரர் பலகையில் தேட ஆரம்பித்தார்.

பிரின்சிபால் ஒலிபெருக்கியோடு கூடவே நடந்து வந்தார். "நம்ம மாணவர்! தெருவையே அசைத்த மாணவர்! பெரியவரே, ஒரு நிமிஷம் நின்னு நாலு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. இந்தப் பயிற்சியால நீங்க என்ன கத்துக்கிட்டீங்க?"

"உங்க மீசை ஒரு பக்கமா போகுது" என்றேன்.

அவர் கை மீசைக்குப் போயிற்று. ஒலிபெருக்கி கீழே விழுந்து ஊளையிட்டது. நான் தள்ளிக்கொண்டே போனேன். மீசை இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதை அவர் இனி யாரைக் கேட்டு நம்புவார்?

தொட்டி சங்கிலியோடு முன்னாலேயே கடமுடவென்று போனது. சாவி நகராட்சியில் இருக்கிறதாம். இருக்கட்டும். எந்தச் சாவியை நம்பி நான் வாழ்ந்தேன்?

எங்கள் வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஆள் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தான். போனைப் பார்த்து முனகினான்: "இங்க ஒரு பெட்டிக்கடை இருக்கணுமே." அவன் மூக்கை உரசாத குறையாகத் தொட்டி அவனைத் தாண்டியது, அதன் பின்னால் கடையும் தாண்டியது. அவன் நிமிரவில்லை.

"ஏங்க, வியாபாரம்! நிறுத்துங்க!" என்றாள் வீட்டுக்காரி.

"அவன் போன் ஒத்துக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு நான் தள்ளினேன்.